பிஸ்கட் டப்பாவுக்குள்ள ஒரு லென்ஸ்

எங்க சித்தப்பா போய்ச் சேர்ந்த அடுத்த வருஷம், கும்பகோணத்துல அவரோட பீரோவை ஒழிக்கிற வேலை என் தலையில விழுந்துச்சு. கீழ்த்தட்டுல ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அதுக்குள்ள கிழிஞ்ச வேட்டித்துணியில சுத்தி ஒரு லென்ஸ். கேமரா இல்லை. அது எப்பவோ ஷட்டர் போய் எடைக்குப் போயிடுச்சாம். லென்ஸை மட்டும் மனுஷன் கொடுக்காம வச்சிருந்திருக்கார். முகப்புல ரஷ்ய எழுத்துல பேரு, பக்கத்துல 2/58-னு எண்.

"எடுத்துட்டுப் போடா தம்பி, இங்க கிடந்தா பேரீச்சம்பழக்காரனுக்குத்தான் போகும்"னாங்க சித்தி.

சென்னைக்கு வந்ததும் முதல் வேலையா ஒரு கேமரா கடைக்குத் தூக்கிட்டு ஓடினேன். கடைக்காரர் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தார். "கண்ணாடி சூப்பரா இருக்கு சார். பூஞ்சை இல்லை, கீறல் இல்லை. ஆனா இந்த மவுண்ட்டு செத்துப் போச்சு. பேப்பர் வெயிட்டா வச்சுக்குங்க"ன்னு சொல்லித் திருப்பிக் கொடுத்துட்டார்.

கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகலை. பின்பக்கம் கேமராவோட சேருற வளையம் பொருந்தலைங்கிற ஒரே காரணத்துக்காக நல்லா இருக்கிற பொருள் செத்துப் போச்சாம். எனக்கு மனசு ஆறலை. அன்னிக்கு ஆரம்பிச்சதுதான் இந்த வளையத்தைப் பத்தி நோண்டுற வேலை. லென்ஸ்னா எல்லாரும் கண்ணாடியைப் பத்திதான் பேசுவோம். ஆனா கேமரா சரித்திரத்துல பாதி அந்த உலோக வளையத்துல இருக்குங்கிறது என் கட்சி. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க :-)

ஆதியில வளையமே கிடையாது. பலகைதான். பழைய மரக் கேமராக்கள்ல முன்னாடி ஒரு சதுரப் பலகை இருக்கும், அதுல ஓட்டை போட்டு லென்ஸைப் பொருத்தியிருப்பாங்க. வேற லென்ஸ் வேணும்னா பலகையோட கழட்டி வேற பலகையை மாட்டணும். கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டு, பின்னாடி இருக்கிற தேய்ச்ச கண்ணாடியில பிம்பம் தெளிவா விழுற வரைக்கும் துருத்தியை முன்ன பின்ன நகர்த்தினா முடிஞ்சுது. எந்த லென்ஸும் எந்தக் கேமராவுக்கும் சேரும். தூரத்தைச் சரி பண்றது மனுஷக் கண்ணுங்கிறதால யாரும் மில்லிமீட்டர் கணக்குப் பார்க்கலை.

அந்தக் காலத்து லென்ஸ்கள்ல ஒண்ணை மட்டும் சொல்லிட்டுப் போறேன். 1839-ல டாகரோட முறை பாரிஸ்ல வெளியாச்சு. ஆனா அப்போ இருந்த லென்ஸோட துவாரம் எஃப் 16-ஐ ஒட்டி. ஒரு ஆளைப் படம் எடுக்கணும்னா வெயில்ல பல நிமிஷம் ஆடாம அசையாம உட்கார வைக்கணும். அடுத்த வருஷமே வியன்னா பல்கலைக்கழகத்துல கணக்கு வாத்தியாரா இருந்த ஜோசப் பெட்ஸ்வால் ஒரு லென்ஸுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார், எஃப் 3.6. கிட்டத்தட்ட 20 மடங்கு வெளிச்சம்! பல நிமிஷம் உட்கார வேண்டியவன் ஒரு நிமிஷத்துக்குள்ள எழுந்து போகலாம். கணக்குப் போட உதவிக்கு ஆஸ்திரிய பீரங்கிப் படையில இருந்து ஆட்களை அனுப்பி வச்சாங்க. குண்டு எங்க விழும்னு கணக்குப் போட்டுப் பழகினவங்க, வெளிச்சம் எங்க விழும்னு போட்டுக் கொடுத்தாங்க. லென்ஸைச் செஞ்சு வித்தது ஃபோய்க்ட்லாண்டர் கம்பெனி. நல்லா சம்பாதிச்சாங்க. பெட்ஸ்வாலுக்குக் கிடைச்சது ஒரே ஒரு தடவை ஒரு தொகை, அப்புறம் ஆயுசுக்கும் மனக்கசப்பு. வாத்தியார் பிழைக்கத் தெரியாதவர்ங்கிறது எல்லா ஊருக்கும் பொது போல.

அந்த லென்ஸ்ல நடுவுல இருக்கிற முகம் கத்தி மாதிரி இருக்கும். ஓரத்துக்குப் போகப் போக பின்னணி சுழல் மாதிரி சுத்தும். இந்தச் சுழலை ஞாபகம் வச்சுக்குங்க, கடைசியில திரும்ப வரும்.

சரி, வளையத்துக்கு வருவோம். அது நிஜமாப் பிறந்தது ஜெர்மனியில வெட்ஸ்லர்ங்கிற சின்ன ஊர்ல. அங்க எர்ன்ஸ்ட் லைட்ஸ்னு ஒரு நுண்ணோக்கிக் கம்பெனி. அதுல வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக்குக்கு ஆஸ்துமா. மலை ஏறிப் படம் எடுக்க ஆசை, ஆனா மரப்பெட்டியையும் கண்ணாடித் தட்டுகளையும் சுமக்க மூச்சு ஒத்துழைக்கலை. சினிமா ஃபிலிமை எடுத்து, ரெண்டு கட்டத்தைச் சேர்த்து ஒரு படமாக்கி (24-க்கு 36 மி.மீ), கோட்டுப் பாக்கெட்டுக்குள்ள போற மாதிரி ஒரு கேமரா பண்ணிப் பார்த்தார். முதல் மாதிரி 1914 வாக்குல தயார். நடுவுல முதல் உலகப் போர் வந்து கெடுத்துடுச்சு. கடைசியில 1925-ல லைப்சிக் சந்தையில விற்பனைக்கு வந்தது லைக்கா.

அதுல இருந்த லென்ஸ் மாக்ஸ் பெரெக் வடிவமைச்சது. 50 மி.மீ, எஃப் 3.5. கொஞ்ச நாள்ல எல்மார்னு பேர் வாங்கி அதுவே நிலைச்சுது. இன்னிக்கு வரைக்கும் 50-ஐத்தான் நாம 'நார்மல்' லென்ஸ்ங்கிறோம். 24-க்கு 36 கட்டத்தோட மூலைவிட்டம் 43 மி.மீ சொச்சம். புத்தகப்படி அதுதான் 'நார்மல்' ஆகணும். ஆனா பார்னாக் கேமராவுல 50 உட்கார்ந்துடுச்சு, உலகமே அதைப் பிடிச்சுக்கிட்டுது. நாம வாங்குற 50 எல்லாம் அந்தப் பாக்கெட் கேமராவோட பேரன் பேத்திங்கதான்.

அந்த முதல் லைக்காவுல லென்ஸைக் கழட்ட முடியாது. வாங்கினவங்க சும்மா இருப்பாங்களா? தூரத்துல இருக்கிறதை எடுக்கணும், அகலமா எடுக்கணும்னு கேட்க ஆரம்பிச்சாங்க. 1930-ல கழட்டி மாட்டுற லைக்கா வந்தது. இங்கதான் ரசமான மேட்டர். இதுல துருத்தியும் கிடையாது, தேய்ச்ச கண்ணாடியும் கிடையாது. லென்ஸ்ல எழுதியிருக்கிற தூரத்தை நம்பித்தான் எடுக்கணும். அப்படின்னா வளையத்துல இருந்து ஃபிலிம் வரைக்கும் உள்ள தூரம் நூத்துல ஒரு பங்கு மி.மீ சுத்தமா இருக்கணும். கேமராவுக்குக் கேமரா அந்தத் தூரம் துளித்துளி மாறுச்சு. அதனால லைட்ஸ்காரங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? ஒவ்வொரு கேமராவுக்கும் தனியா லென்ஸை ராவிப் பொருத்திக் கொடுத்தாங்க. கேமரா நம்பரோட கடைசி மூணு எண்ணை லென்ஸ்லயும் பொறிச்சாங்க. அதாவது ஜாதகப் பொருத்தம் பார்த்த கல்யாணம். உங்க லென்ஸ் என் கேமராவுக்கு ஆகாது. புதுசா லென்ஸ் வேணும்னா கேமராவையே ஃபேக்டரிக்கு அனுப்பணும்.

ஒரே வருஷம்தான் இந்தக் கூத்து. 1931-ல அந்தத் தூரத்தை 28.8 மி.மீன்னு நிலையா நிறுத்திட்டாங்க. அப்படி நிறுத்தின கேமராவோட வளையத்துல ஒரு சின்னப் பூஜ்யத்தைப் பொறிச்சாங்க. 0. அவ்வளவுதான். பூஜ்யம் போட்ட எந்த லென்ஸும் பூஜ்யம் போட்ட எந்தக் கேமராவுக்கும் சேரும். ஜாதகம் வேண்டாம்.

என்னைக் கேட்டா கேமரா சரித்திரத்துலயே பெரிய கண்டுபிடிப்பு அந்தப் பூஜ்யம்தான். ஒரு கம்பெனி வாங்குறவனுக்கு முதல் தடவையா ஒரு வாக்குக் கொடுக்குது: 'இன்னிக்கு நீ வாங்குற லென்ஸ், நாளைக்கு நான் செய்யப் போற கேமராவுக்கும் சேரும்.' (வளையத்தோட விட்டம் 39 மி.மீ. ஆனா மரை மட்டும் அங்குலத்துக்கு 26. ஜெர்மன்காரன் கேமராவுல இங்கிலீஷ் மரை! நுண்ணோக்கித் தொழில்ல இங்கிலீஷ் மரைதான் புழக்கம், அந்தப் பழக்கம்.)

இதனால என்ன கிடைச்சுதுன்னா, 1931 முடியறதுக்குள்ள ஒரே குட்டிக் கேமராவுக்கு 35, 50, 90, 135-னு நாலு லென்ஸ். இன்னிக்கும் நம்ம பைகள்ல இருக்கிற வரிசை இதேதான், கொஞ்சம் முன்ன பின்ன. 35 தெருவுக்கும் கூட்டத்துக்கும், 90 முகத்துக்கும், 135 எட்டாத இடத்துக்கும். இங்க ஒரு தப்பான நம்பிக்கையைச் சொல்லிடறேன். 'வைட் லென்ஸ் மூக்கைப் பெரிசாக்கும், டெலி முகத்தைத் தட்டையாக்கும்'னு சொல்வோம் இல்லையா? லென்ஸ் மேல பழி போடாதீங்க. அதைச் செய்யறது நாம நிக்கிற தூரம். வைட்ல முகம் நிறையணும்னா மூஞ்சிக்கு மேல போய் நிக்கணும், அப்போ மூக்கு காதை விட ரொம்பப் பக்கத்துல இருக்கு, பெரிசாத் தெரியுது. 90 போட்டா நாலடி பின்னால போயிடறோம், எல்லாம் அளவா விழுது. கல்யாண வீட்டுல செல்ஃபோன்ல எட்டுப் பேரை நெருக்கி எடுக்கிறப்ப ஓரத்துல நிக்கிற அத்தை அகலமா விழறாங்களே, அது மட்டும் லென்ஸோட அகலத்தால வர்ற இழுவை. அத்தைங்க ஏன் நடுவுல நிக்கப் பார்க்கிறாங்கன்னு இப்போ புரியுதா :-)

லைக்கா ஓடுறதைப் பார்த்துட்டு 1932-ல சைஸ் ஐகான்காரங்க காண்டாக்ஸைக் கொண்டு வந்தாங்க. அதுல மரை கிடையாது, நுழைச்சுத் திருகினா 'டக்'னு பூட்டிக்கிற பயோனெட். அதுக்கு லூட்விக் பெர்டெலே போட்ட சோனார், எஃப் 1.5 வரைக்கும் திறக்கும். அவரோட கெட்டிக்காரத்தனம் எங்கேன்னா, கண்ணாடிகளை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிட்டார். காத்தும் கண்ணாடியும் தொடுற ஒவ்வொரு பரப்புலயும் 4, 5 சதவீத வெளிச்சம் திரும்பிப் போயிடும். திரும்பிப் போனது சும்மா இருக்காது, உள்ளயே மோதிப் படத்தை வெளுக்க வைக்கும். அதனால பரப்பைக் குறைச்சா லாபம். 1935-ல அதே சைஸ்ல அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்ணாடி மேல மெல்லிசா ஒரு பூச்சுப் பூசி இந்த நோயையே அடக்கிட்டார். ஒரு வேடிக்கை, இதுக்கு நாப்பது வருஷம் முன்னாடியே இங்கிலாந்துல டென்னிஸ் டெய்லர்னு ஒருத்தர், வயசாகிக் களிம்பு படிஞ்ச லென்ஸ் புதுசை விட அதிக வெளிச்சம் விடுதேன்னு கண்டுபிடிச்சு எழுதி வச்சிருந்தார். பூச்சு வந்த பிறகு பல கண்ணாடி லென்ஸ்களுக்குப் புது வாழ்வு வந்தது. 1896-லயே பால் ருடால்ஃப் போட்டு வச்ச பிளானார் அமைப்பு போருக்கு அப்புறம்தான் ராஜாவாச்சு. நாம வாங்குற 50 எஃப் 1.8 எல்லாம் அந்த வம்சம்.

பயோனெட் மரையை விட வேகம், ஒத்துக்கறேன். ஆனா சரித்திரத்தைத் திருப்பினது மரைதான். ஏன்னா அதைக் கடையறது எளிது. லேத் பட்டறை இருந்தாப் போதும். 1934-ல சோவியத் உக்ரைன்ல கார்கிவ் ஊர்ல, அனாதைப் பிள்ளைங்களுக்கான ஒரு கம்யூன்ல லைக்காவைப் பார்த்து ஃபெட்-னு கேமரா செய்ய ஆரம்பிச்சாங்க. போருக்குப் பிறகு ஜப்பான்ல கேனானும் லைக்கா மரையையே எடுத்துக்கிட்டுது. நிக்கான் லென்ஸ் செய்யற நிப்பான் கோகாக்கு, தன்னோட சொந்தக் கேமராவுக்குக் காண்டாக்ஸ் மாதிரி வளையம் வச்சுக்கிட்டாலும், லைக்கா மரையிலயும் லென்ஸ் போட்டு வித்துது. (கேனானோட ஆரம்பக் கேமராக்கள்ல இருந்தது நிக்கார் லென்ஸ்தான். இந்த ரெண்டு கட்சிக்காரங்க சண்டை போடுறப்ப இதை எடுத்து விடுங்க.)

இப்போ 1950-க்கு வருவோம். லைஃப் பத்திரிகையோட டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவுல இருக்கார். கையில லைக்கா. அவரை ஜுன் மிக்கிங்கிற ஜப்பானிய போட்டோகிராபர் ஒரு 85 மி.மீ எஃப் 2 நிக்காரால படம் எடுத்துப் பிரிண்ட்டைக் காட்டினார். அந்தக் காலத்துல 'ஜப்பான் சாமான்'னாலே மட்டம்னு பேர். டங்கன் பிரிண்ட்டைப் பார்த்தவர், நேரா நிப்பான் கோகாக்கு ஆலைக்கே போய், தன்னோட ஜெர்மன் லென்ஸையும் அவங்க லென்ஸையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பார்த்துட்டு ஜப்பான் லென்ஸை வாங்கித் தன் லைக்காவுல மாட்டிக்கிட்டார். மாட்ட முடிஞ்சுது, ஏன்னா மரை ஒண்ணு!

ஜூன் 25-ல கொரியாவுல போர் வெடிச்சுது. டங்கன் அந்த லென்ஸ்களோட போர்முனைக்குப் போனார். அங்கிருந்து போன படங்களோட கூர்மையைப் பார்த்து நியூயார்க்ல இருந்தவங்க ஆச்சரியப்பட்டாங்க. டிசம்பர்ல நியூயார்க் டைம்ஸ் ஜப்பான் லென்ஸ்களைப் பத்தி எழுதிச்சு. அதுக்கப்புறம் நடந்தது ஊரறிஞ்ச கதை. அந்த லென்ஸ் லைக்காவுல மாட்ட முடியாத வளையத்தோட மட்டும் வந்திருந்தா, டங்கன் தன் கேமராவைத் தூக்கிப் போட்டுட்டு முன்னப் பின்ன தெரியாத ஜப்பான் கேமராவோட போருக்குப் போயிருப்பாரா? எனக்கு நம்பிக்கை இல்லை. லைட்ஸ்காரங்க ஊன்றிக் கொடுத்த பூஜ்யத்து மேலதான் அவங்களுக்குப் போட்டியா வந்தவங்க ஏறி நின்னாங்க.

அதே 1950, ஏப்ரல்ல, நம்ம திருவண்ணாமலையில இன்னொரு லைக்காக்காரர் இருந்தார். ஆன்றி கார்த்தியே ப்ரெஸ்ஸோன். ரமண மகரிஷி கடைசி நாட்கள்ல இருந்தப்ப ஆசிரமத்துல படம் எடுத்தார். ஏப்ரல் 14 ராத்திரி மகரிஷி சமாதியான நேரத்துல வானத்துல ஒரு ஒளி நகர்ந்து போனதைப் பார்த்தேன்னு சொன்னவங்கள்ல அவரும் ஒருத்தர். வேணும்ங்கிற லென்ஸ் எல்லாம் மாட்டலாம்ங்கிற கேமராவைக் கையில வச்சுக்கிட்டு, வாழ்க்கை முழுக்க பெரும்பாலும் 50-ஐ மட்டுமே மாட்டினவர் அவர். ஒருத்தருக்கு மரை உலகத்தைத் திறந்து விட்டுது, இன்னொருத்தருக்கு அது தேவையே படலை.

இதுக்கு அப்புறம் கண்ணாடி, அதாவது நிலைக்கண்ணாடி, உள்ள வந்துது. எஸ்எல்ஆர். லென்ஸ் வழியாவே பார்க்கணும்னா லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவுல ஒரு கண்ணாடி மேலயும் கீழயும் ஆடணும். அது ஆட இடம் வேணும். லைக்காவுல 28.8 ஆக இருந்த தூரம் இதுல 40-ஐத் தாண்டிடுச்சு. 1936-ல டிரெஸ்டன்ல கினே எக்சாக்டா, 1949-ல அதே ஊர்ல காண்டாக்ஸ் எஸ். இந்த ரெண்டாவதோடதான் எம்42-ங்கிற மரை வருது. 42 மி.மீ விட்டம், 1 மி.மீ புரி, தூரம் 45.46. கிழக்கு ஜெர்மனியில ப்ராக்டிகா, ஜப்பான்ல பென்டாக்ஸ், ரஷ்யாவுல ஜெனிட்னு ஆளாளுக்கு அதையே எடுத்துக்கிட்டாங்க. இரும்புத்திரைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே மரை. சித்தப்பாவோட லென்ஸ் இந்த ஜாதிதான்.

தூரம் கூடினதுல மாட்டிக்கிட்டது வைட் லென்ஸ். 28 மி.மீ லென்ஸ்னா சாதாரண அமைப்புல அது ஃபிலிமுக்கு 28 மி.மீ பக்கத்துல வந்து உட்காரணும். நடுவுல கண்ணாடி ஆடிக்கிட்டு இருக்கே, எங்க உட்காரும்? 1959-ல நிக்கான் எஃப் வந்தப்ப அதுக்குக் கொடுத்த 21 மி.மீ லென்ஸை மாட்டணும்னா கண்ணாடியை மேல தூக்கிப் பூட்டிடணும், தனியா ஒரு வியூஃபைண்டர் வச்சுத்தான் பார்க்கணும். எஸ்எல்ஆர் வாங்கினதே வேஸ்ட். இதுக்கு விடை பிரான்ஸ்ல பியேர் ஆன்ஜெனியூ 1950-லயே கொடுத்திருந்தார். டெலி லென்ஸ் அமைப்பைத் தலைகீழாத் திருப்பி, முன்னாடி பெரிய குழிவு லென்ஸை வச்சு, ஃபிலிமுக்கு எட்ட நின்னே அகலமாப் பார்க்கிற 35 மி.மீ. ரெட்ரோஃபோகஸ்னு பேர். உங்க எஸ்எல்ஆர் வைட் லென்ஸோட முன்கண்ணாடி சட்டி மாதிரி பெரிசா இருக்கே, அதுக்குக் காரணம் கண்ணாடிக்கு வழி விட்டது.

இந்த மாதிரி ஒவ்வொரு லென்ஸ் வகைக்கும் பின்னால ஒரு அவஸ்தை இருக்கு. எனக்குப் பிடிச்சது மேக்ரோ கதை. 1950-கள்ல ஜப்பான்ல பழைய ஆவணங்களை மைக்ரோஃபிலிம்ல சுருக்க ஆரம்பிச்சாங்க. மேல்நாட்டு லென்ஸ்கள் ஏ, பி, சி, டி-யைச் சுருக்கப் போதும். கான்ஜி எழுத்துல ஒரு கட்டத்துக்குள்ள இருபது கோடு இருக்கும், சுருக்கினா எல்லாம் ஒட்டிக் கறுப்புப் பொட்டாயிடுது. அதுக்காகவே 1956-ல வந்ததுதான் மைக்ரோ நிக்கார். நாம இன்னிக்கு எறும்புக் காலையும் பனித்துளியையும் எடுக்கிற லென்ஸ் ஜாதிக்கு ஆதியில வேலை எழுத்தைக் காப்பாத்துறது. ஜூம் வந்தது 1959-ல, ஃபோய்க்ட்லாண்டர் ஸூமார், 36-82. ஜூம் பத்தி நான் அதிகம் பேச மாட்டேன், சோம்பேறிகளோட லென்ஸ்னு ஒரு காலத்துல எழுதிட்டு, இப்போ டூர் போனா அதைத்தான் மாட்டறேன்.

வளையமும் தூரமும் எவ்வளவு பிடிவாதம் பிடிக்கும்ங்கிறதுக்கு ஸ்டான்லி குப்ரிக் கதை ஒண்ணு போதும். நாஸாவுக்காக சைஸ் செஞ்ச 50 மி.மீ எஃப் 0.7 லென்ஸ் மொத்தம் பத்துதான். அதுல மூணை குப்ரிக் வாங்கி, பாரி லிண்டன் (1975) படத்துல வெறும் மெழுகுவத்தி வெளிச்சத்துல காட்சி எடுத்தார். எஃப் 0.7-னா அதோட பின்கண்ணாடி ஃபிலிமுக்குச் சில மில்லிமீட்டர் பக்கத்துல இருக்கணும். எந்தக் கேமராவுலயும் அது போகாது. அதனால ஒரு மிட்செல் கேமராவை வெட்டிக் குடைஞ்சு, திரும்ப வேற லென்ஸ் மாட்டவே முடியாத மாதிரி ஆக்கினாங்க. 1930 லைக்கா மாதிரியே, அந்த லென்ஸுக்கு அந்தக் கேமரா மட்டும்தான்.

இனி வாக்கு மீறின கதை. 1985-ல மினோல்டா 7000 வந்துது. ஆட்டோஃபோகஸ் எஸ்எல்ஆர்ல முதல் பெரிய வெற்றி. அதுக்காக 1958-ல இருந்து வச்சிருந்த வளையத்தையே மாத்திட்டாங்க. 1987-ல கேனானும் அதே வழி. எஃப்டி வளையத்தைக் கைவிட்டு ஈஎஃப். 54 மி.மீ அகல வாய், கம்பியும் நெம்புகோலும் இல்லை, எல்லாம் மின் தொடர்பு, மோட்டார் லென்ஸுக்குள்ளயே. தொழில்நுட்பமாப் பார்த்தா சபாஷ் போட வேண்டிய வேலை. ஆனா பதினஞ்சு வருஷமா எஃப்டி லென்ஸாச் சேர்த்து வச்சிருந்தவன் கதி? அடாப்டர் போடலாம்னா, எஃப்டியோட தூரம் 42, ஈஎஃப்போட தூரம் 44. ரெண்டு மி.மீ எதிர்ப்பக்கம். இடையில கண்ணாடி வைக்காம தூரத்துல இருக்கிறதை ஃபோகஸ் பண்ணவே முடியாது. கடன் வாங்கி லென்ஸ் சேர்த்த கல்யாண போட்டோகிராபருக்கு இது எவ்வளவு வயித்தெரிச்சல்னு யோசிச்சுப் பாருங்க.

நிக்கான் 1959 வளையத்தை விடாமப் பிடிச்சுக்கிட்டுது. பாராட்டணும். ஆனா வளையம் ஒண்ணா இருந்ததே தவிர, 1977-ல ஒரு மாத்தம், ஆட்டோஃபோகஸுக்கு ஒரு மாத்தம்னு ஆகி, எந்த லென்ஸ் எந்த பாடியில என்ன வேலை செய்யும்னு பார்க்கப் பஞ்சாங்கம் மாதிரி ஒரு பட்டியல் தேவைப்பட்டுது. வாக்கைக் காப்பாத்துறதுக்கும் ஒரு விலை இருக்கு, மீறுறதுக்கும் ஒரு விலை இருக்கு. எனக்கு மனசு காப்பாத்தினவன் பக்கம், ஆனா அந்த அகல வாயும் மின் தொடர்பும் பின்னாடி எல்லாரும் போன வழிங்கிறதை மறுக்க முடியலை.

என் லென்ஸுக்கு வர்றேன். கடைக்காரர் சொன்னதைக் கேட்டு நான் சும்மா இருக்கலை. அப்போ கையில இருந்த டிஎஸ்எல்ஆருக்கு எம்42 வளையம் ஒண்ணு வாங்கி மாட்டினேன். மாட்டிக்கிச்சு! மேஜைக்கு எதிர்ல உட்கார்ந்த தங்கமணி பளிச்னு விழுந்தாங்க. ஜன்னலுக்கு வெளியே திருப்பினா எல்லாம் மங்கல். வளையத்தோட கனமும் கேமராவோட தூரமும் சேர்ந்து லென்ஸ் ரெண்டு மி.மீ எட்டப் போயிடுச்சு. 58-ஐ 58-ஆல பெருக்கி ரெண்டால வகுத்தா 1682. அதாவது ஒண்ணேமுக்கால் மீட்டருக்கு அந்தப் பக்கம் உலகமே கிடையாது. திரும்பவும் பிஸ்கட் டப்பா.

காப்பாத்தினது கண்ணாடி போனதுதான். 2008-ல பானசோனிக் ஜி1 வந்துது, கண்ணாடி இல்லாத முதல் குட்டிக் கேமரா, தூரம் 20 மி.மீ-ஐ ஒட்டி. 2010-ல சோனி 18. 2018-ல நிக்கானும் கேனானும் ஒரே வருஷத்துல புது வளையத்துக்குப் போனாங்க, 16-ம் 20-ம். இவ்வளவு குட்டையான தூரத்துக்கு முன்னாடி 1931-ல இருந்து வந்த 35 மி.மீ லென்ஸ் அநேகமா எதை வேணும்னாலும் மாட்டலாம், மிச்சத் தூரத்துக்கு ஒரு வெறும் குழாய் போதும். 1987-ல அனாதையான எஃப்டி லென்ஸுக்கு எல்லாம் மறுபிறவி. பழைய லென்ஸ் விலை ஏறினதும் அதனாலதான். கம்பெனிக்காரங்க யாரும் இதுக்காகப் பண்ணலை, தற்செயலா வந்த நன்மை.

இப்போ என்கிட்ட இருக்கிறது 18 மி.மீ கேமரா. 45.46-ல 18 போனா 27.46. அந்த நீளத்துக்கு உள்ள கறுப்புப் பூசின ஒரு அலுமினியக் குழாய், நடுவுல காத்து. போன பொங்கலுக்குக் கும்பகோணம் போனப்ப மாட்டி எடுத்துட்டுப் போனேன். கொல்லையில முருங்கை மரத்துக்கு முன்னாடி சித்தியை நிக்க வச்சு, எஃப் 2-ல திறந்து, வளையத்தைக் கையால திருகி ஒரு படம். இந்த ஹீலியோஸ், போருக்கு முன்னாடி யேனாவுல சைஸ் செஞ்ச பயோட்டாரோட சோவியத் நகல். பெட்ஸ்வால்ல சொன்னேனே சுழல், அது இதுலயும் வரும். இலை எல்லாம் சித்தி தலையைச் சுத்தி வட்டம் போட்டுது.

திரையில காட்டினேன். கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. அப்புறம் உள்ள போய், எங்க வச்சிருந்தாங்களோ, ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொண்டு வந்தாங்க. அதே கொல்லை, முருங்கைக்குப் பதிலா ஒரு வேப்பமரம், அதே வட்டம். நடுவுல இருபத்தஞ்சு வயசு சித்தி, சிரிப்பை அடக்கிக்கிட்டு.

"அன்னிக்கும் இப்படித்தான் திருகிக்கிட்டே இருந்தார், சீக்கிரம் எடுங்கன்னு கத்தினேன்"னாங்க.